கர்டர் இருக்கு

ஜோஸி இறந்து பதினோரு மாதம் கழித்து வீட்டை விற்க முடிவு செய்தேன். மேலே இரண்டு படுக்கையறை, கீழே ஒரே பெரிய சமையலறை, பின்னால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் அளவுக்கு ஒரு முற்றம். வட இங்கிலாந்தின் இந்த ஷிப்லி ஊரில் இப்படி நூறு வீடு இருக்கிறது. வாங்க ஆள் கிடைப்பது கஷ்டமில்லை என்றான் ஏஜென்ட் ஜேடன். இரண்டே வாரத்தில் கிடைத்தார்கள்.

வக்கீலைத்தான் தேட வேண்டியிருந்தது. ஜேடன் ஒரு கம்பெனியைச் சொன்னான். எல்லாம் இணையத்திலேயே முடிந்துவிடுமாம், யாரையும் நேரில் பார்க்க வேண்டாமாம். போன் செய்து, வீடு இருவர் பெயரில் இருக்கிறது, மனைவி இறந்துவிட்டாள் என்றேன். எடுத்த பெண், "உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எதையோ பார்த்து வாசித்தாள். பிறகு கேட்டாள்.

"மனைவியோட ஈமெயில் சொல்றீங்களா? அவங்களும் கையெழுத்துப் போடணும்."

போனை வைத்துவிட்டேன்.

அடுத்துப் பேசியது வக்கீல் ஹிலரி பூத்ராய்டிடம். கடைத்தெருவில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேலே அவர் அலுவலகம். அதையே சொன்னேன்.

"இறப்புச் சான்றிதழ் ஒரிஜினலைக் கையோட கொண்டு வா கண்ணு. நகல் எடுத்துட்டு அப்பவே குடுத்துடறேன். தபால்ல மட்டும் அனுப்பாதே."

அனுதாபம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரையே வக்கீலாக வைத்துக்கொண்டேன்.

விற்பவர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். வேலி யாருடையது, அண்டை வீட்டாரோடு தகராறு உண்டா, வெந்நீர்க் கொதிகலன் எந்த வருடம் மாற்றியது. நான் பதில் சொல்லச் சொல்ல எழுதினார்.

"உள்ளே சுவர் ஏதாவது இடிச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவுல இருந்தது."

"மேல் தளத்தைத் தாங்கற சுவரா?"

"ஆமா."

"டவுன் கவுன்சில் ஆய்வாளர் பார்த்துக் குடுத்த சான்றிதழ்?"

"இல்ல."

பேனாவைக் கீழே வைத்தார். "யாரு இடிச்சது?"

ஜோஸி. நான்கு வருடத்துக்கு முன் ஈஸ்டர் விடுமுறை. நான் பயிற்சிக்காக ஐந்து நாள் நியூகாசில் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சுவர் இல்லை. முற்றத்தில் செங்கல் குவியல், தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு ஜோஸி, கையில் சம்மட்டி. உட்கூரையில் பூச்சு ஏற்கனவே காய்ந்திருந்தது.

"மேல் மாடியை எது தாங்குது?" என்றேன்.

"கர்டர் இருக்கு. ஒரு ஆளைப் பிடிச்சுப் போட்டேன்."

"எந்த ஆள்?"

"ஒரு ஆள்ப்பா. சாப்பிட வா."

ஜோஸி சின்னச் சின்னப் பொய் சொல்வாள். செருப்பு தள்ளுபடியில் வாங்கியது என்பாள். வந்த பார்க்கிங் அபராதத்தை வரவில்லை என்பாள். அதனால் மேலே தரை கிறீச்சிடும் போதெல்லாம் நான் கேட்பேன்: "கர்டரா, அட்டைப்பெட்டியா?" அவள் தலையணையை எறிவாள். "கர்டர் இருக்கு!" இது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நான் அந்தக் கர்டரைப் பார்த்ததே இல்லை.

இதில் பாதியைப் பூத்ராய்டிடம் சொன்னேன்.

"இது தினமும் வர்ற கேஸ்தான்" என்றார். "ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்துடலாம். பின்னாடி கவுன்சில் பிரச்சனை பண்ணினா அது பார்த்துக்கும். ஆனா ஒண்ணே ஒண்ணு. கவுன்சிலுக்கு மட்டும் போன் போட்டுடாதே. அவங்களுக்குத் தெரிஞ்ச நிமிஷம் இன்ஷூரன்ஸ் கிடைக்காது."

"இன்ஷூரன்ஸ்காரங்க வந்து கர்டர் இருக்கான்னு பார்ப்பாங்களா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. பார்க்காம இருக்கறதுக்குத்தான் அந்த இன்ஷூரன்ஸே."

சரி என்று வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வாங்குபவர்கள் அளவெடுக்க வந்தார்கள். டாம்சினுக்கு ஏழாவது மாதம். கணவன் ரீஸ் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சமையலறைக்கு நேர் மேலே இருக்கும் சின்ன அறையில்தான் அதிக நேரம் இருந்தார்கள்.

"தொட்டில் இந்த மூலையில" என்றாள் டாம்சின்.

"அங்க குளிரும்டி."

"உனக்குத்தான் எல்லா இடமும் குளிரும். உன்னையா தொட்டில்ல போடப் போறேன்?"

சிரித்துக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்தாள். தரை கிறீச்சிட்டது.

"பழைய வீடு, இல்ல?" என்றாள் என்னைப் பார்த்து.

"ஆமா" என்றேன்.

கர்டர் இருக்கு என்றுதான் என் வாயில் வந்தது. அதைச் சொல்லவில்லை. இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கவுன்சிலுக்குப் போன் போட்டேன். முகவரி, சுவர், வருடம், எல்லாம் சொன்னேன். மூன்று நிமிடம் ஆனது. பிறகு பூத்ராய்டைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணு சொன்னேன்" என்றார். "இத்தனை படிவத்துல, இத்தனை கேள்வியில, செய்யாதேன்னு ஒண்ணே ஒண்ணு சொன்னேன்!"

"தெரியும்."

"தெரியுமாம்! சான்றிதழ் வேணும்னா இனி சமையலறை உட்கூரையைப் பிரிச்சுக் காட்டணும். வாங்கறவங்களோட வக்கீலுக்கு நான் இன்னைக்கே எழுதியாகணும், மறைக்க முடியாது. அவங்க ஓடிப் போகலாம். தெரியுமா அது?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்யா பண்ணின?"

"இருக்கான்னு தெரியணும்."

கீழே கடையில் முடிவெட்டும் மெஷின் ஓடுவது போனில் கேட்டது.

"இல்லன்னா?"

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"சரி, எழுதறேன். பண்ணிட்ட காரியத்தைச் சரியா எழுதறதாவது என் வேலை" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஜேடன் கூப்பிட்டான். "பாஸ், என்ன பாஸ் இது? விற்கிற ஆளே தன் வீட்டைப் போட்டுக் குடுப்பாங்களா?" ரீஸ் வேறு வீடு பார்க்கலாம் என்கிறானாம், டாம்சின் ஆய்வு முடியட்டும் என்கிறாளாம். ஒன்பது நாள் வேறு எந்தச் செய்தியும் இல்லை. நான் சமையலறையில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு போய் முன்னறையில் நின்றபடி சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். மெட்காஃப் என்று பெயர், பெரிய உடம்பு. வந்ததும் தேநீர் கேட்டார், இரண்டு கரண்டி சர்க்கரையோடு. விரல் கணுவால் சமையலறை உட்கூரையை அங்கங்கே தட்டிப் பார்த்தார்.

"வேலை செஞ்சது யாரு?"

"என் மனைவி."

"கூப்பிடுங்க, அவங்களையே கேட்டுடலாம்."

"இறந்துட்டாங்க."

அவர் தேநீரைக் கலக்கினார். கலக்கி முடித்த பிறகும் கலக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஏணியை விரித்து ஏறி, ரம்பத்தால் பூச்சை ஒரு சதுரமாக அறுத்தார். அடுப்பு மேலெல்லாம் வெள்ளைத் தூசி விழுந்தது. டார்ச்சை உள்ளே விட்டார்.

"இருக்கு" என்றார்.

அவர் இறங்கியதும் நான் ஏறினேன். கருஞ்சிவப்பு வண்ணம் பூசிய இரும்பு. ஒரு மூலையில் சாக்கட்டியால் அளவு எழுதியிருந்தது, யார் கையெழுத்தோ. கையை உள்ளே விட்டுத் தொட்டேன். சில்லென்றிருந்தது. எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

"ஏணியை இந்தப் பக்கம் தள்ளணும்" என்றார் மெட்காஃப் கீழேயிருந்து. "முனை ரெண்டையும் பார்க்கணும்."

அங்கேயும் பூச்சை அறுத்தார். வலது முனைக்கு அடியில் பாரம் தாங்கக் கான்கிரீட் கட்டை ஒழுங்காக வைத்திருந்தது. இடது முனையில் இல்லை. கர்டர் நேரே செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. செங்கல்லில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியது.

"மேலே யார் தூங்கறாங்க?"

"இப்போ யாரும் இல்ல. குழந்தை வரப்போகுது. வாங்கறவங்களோடது."

விரிசலை விரலால் தடவினார். "இன்னும் அஞ்சு வருஷம் நின்னிருக்கும். பத்துகூட நிக்கலாம். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. கர்டர் இருக்கிறது என்றாள், இருந்தது. அது எதன் மேல் இருக்கிறது என்று அந்த ஆளை அவள் கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்டதில்லை, அவள் இருந்தவரை ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொத்தனார் வந்து முட்டுக் கொடுத்து இடது முனைக்கும் கட்டை வைக்க இரண்டு நாள் ஆனது. நான் விடுப்பு எடுத்து அவரோடு நின்றேன். மெட்காஃப் மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் சான்றிதழ் பூத்ராய்டின் அலுவலகத்துக்கு வந்தது. டாம்சினின் வக்கீலிடமிருந்தும் ஒரே வரியில் கடிதம் வந்திருந்தது: என் கட்சிக்காரர்கள் தொடர விரும்புகிறார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போனேன். போட்டு முடித்ததும் சான்றிதழை என் பக்கம் திருப்பி வைத்தார் பூத்ராய்ட். முகவரி, வருடம், பாரம் தாங்கும் சுவர் அகற்றப்பட்டு இரும்பு உத்தரம் அமைக்கப்பட்டது. பெயர் எதுவும் இல்லை. மூன்று தடவை படித்தேன்.

"ஒரிஜினல் வீட்டோட போயிடும் கண்ணு. அவங்களுக்குக் குடுத்தாகணும்" என்று எழுந்து நகல் மெஷினின் மூடியைத் திறந்தார். "உனக்கு ஒண்ணு எடுத்துத் தரவா?"

"வேண்டாம்" என்றேன். "பார்த்துட்டேன்."