வெள்ளை மூடி பாட்டில்

அருக்காணிக்குச் செருப்பு நுழையவில்லை. உட்கார்ந்து இழுத்துப் பார்த்தாள், நின்று மிதித்துப் பார்த்தாள். ம்ஹும். இரண்டு காலும் பொம்மென்று வீங்கிக் கிடந்தன. மகள் தமிழ்நிலா நர்சிங் காலேஜ் ஆண்டு விழாவில் பரிசு வாங்கப் போகிற நாளில், இந்தப் பாழாய்ப்போன கால் இப்படியா பழி வாங்கும்? கடைசியில் செத்துப்போன புருஷன் மாயவனின் பழைய ரப்பர் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். புடவையைத் தரையில் புரளும்படி இறக்கிக் கட்டினாள். கால் தெரியக் கூடாது. இன்று ஒரு நாள் தெரியக் கூடாது, நாளைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சோறு இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை என்று போன வாரம்தான் யாரிடமும் சொல்லாமல் மரக்காணத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் பசை தடவி ஸ்கேன் எடுத்தார்கள்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருக்குதும்மா. உடனே அட்மிட் ஆவணும், டயாலிசிஸ் பண்ணணும். கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"யாரும் வர்ல சார். எம் பொண்ணுக்குக் காலேஜுல விழா இருக்குது. அது முடிஞ்சதும் வந்துடறேன்."

"விழாவா முக்கியம்? உயிர் சமாச்சாரம்மா இது."

"சத்தியமா வந்துடறேன் சார்" என்று கும்பிட்டுவிட்டு நழுவி வந்துவிட்டாள்.

இது என்ன கூத்து, மகளே நர்சுக்குப் படிக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று யாரும் கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். தமிழ்நிலாவுக்குக் கிடைக்கப் போகிற பரிசு எதற்குத் தெரியுமா? உப்பளத்துப் பெண்களின் கிட்னி நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்து சொன்னதற்கு. அந்தப் பெண்களில் ஒருத்தி அருக்காணி. பெற்ற மகள் மேடை ஏறி நிற்கும்போது, அடியே உன் ஆராய்ச்சி பொய்யடி, நானே செத்துக்கொண்டிருக்கிறேனடி என்று எந்தத் தாய் சொல்லுவாள்? விழா முடியட்டும், பிள்ளை பரிசைக் கையில் வாங்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள் பாவி.

அந்தப் பொய் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வெயில் ஏறி, உப்புக் கூடை சுமந்து, வீடு திரும்பும் வரை குடிக்க மாட்டார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி, பாத்தி, பாத்தி. ஒதுங்க ஒரு புதர் கிடையாது. ஆம்பிளைக்கு என்ன, வரப்பில் திரும்பி நின்றால் ஆயிற்று. பொம்பிளை எங்கே போவாள்? குடித்தால்தானே அந்த அவஸ்தை என்று குடிக்காமலே பழகிவிட்டார்கள். அருக்காணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

போன கோடையில் அங்கேதான் தமிழ்நிலா வெள்ளைக் கோட்டுப் போட்ட தோழிகளோடும் ஒரு டீச்சரம்மாவோடும் வந்து இறங்கினாள். பெட்டி நிறைய, மூத்திரம் பிடிக்க வெள்ளை மூடி போட்ட சின்னச் சின்ன பாட்டில்கள். உப்புக் குவியலுக்குப் பின்னால் நாலு குச்சி நட்டுத் துணி கட்டி மறைப்புப் போட்டார்கள். புரோட்டீன், ஸ்கிரீனிங் என்று அவள் என்னென்னவோ விளக்கினாள். பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நம்ம அருக்காணி மகளுக்குப் பரீட்சை, பாட்டில் நிறைந்தால் பிள்ளை பாஸ்.

"அம்மா, உங்க செட்டுதாம்மா கடைசி. முதலாளி இன்னிக்கு ஒரு நாள்தான் பர்மிஷன் குடுத்திருக்காரு. சீக்கிரம் குடுத்துடுங்கம்மா" என்றாள் தமிழ்நிலா.

அருக்காணி மறைப்புக்குள் போய்க் குந்தினாள். முக்கினாள், முனகினாள். கடுங்காப்பி நிறத்தில் நாலு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். சீ, இதையா பிள்ளை கையில் கொடுப்பது என்று கூச்சப்பட்டு அதை மண்ணில் கொட்டிவிட்டாள். அடுத்துப் போன மாரியம்மாளும் வெறும் பாட்டிலோடுதான் வந்தாள்.

வெளியே டீச்சரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "என்ன தமிழ்நிலா, உங்க அம்மாவே குடுக்க மாட்டேன்றாங்களா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் தமிழ்நிலாவின் முகம் சுருங்கிவிட்டது. அது அருக்காணிக்குச் சுருக்கென்று தைத்தது.

அப்போதுதான் இலக்கியா வாயைத் திறந்தாள். பிரம்மதேசத்துப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்தவள், உப்பளத்துக்குப் புதுசு. பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து மடக் மடக்கென்று குடிப்பாள், மற்றவர்களிடம் திட்டும் வாங்குவாள்.

"எனக்கு வருதுக்கா. எல்லா பாட்டிலையும் இங்க குடுங்க" என்றாள்.

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்று வாங்குவதில்லையா, அதுபோலத்தான் நினைத்தார்கள். பாட்டில்கள் ஒவ்வொன்றாக நிறைந்து வெளியே வந்தன.

தமிழ்நிலா அம்மாவின் பெயர் எழுதிய பாட்டிலில், கோளாறு இருந்தால் நிறம் மாறும் ஸ்ட்ரிப் காகிதத்தை முக்கினாள். நிறம் மாறவில்லை. அத்தனை பேர் பார்க்க ஓடி வந்து அருக்காணியைக் கட்டிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கம்மா! நான் எவ்ளோ பயந்து போயிருந்தேன் தெரியுமா?" என்று அழுதுகொண்டே சிரித்தாள். நிறம் மாறினால் மட்டும்தான் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். அருக்காணியை யாரும் அனுப்பவில்லை. உப்புப் பூத்த புடவையென்றும் பாராமல் மகள் கட்டிக்கொண்ட அந்தச் சந்தோஷத்தில், அவளுக்கு அன்று வேறு ஒன்றும் தோன்றவும் இல்லை.

ஆண்டு விழாவில் அவளை முதல் வரிசையிலேயே உட்கார வைத்தார்கள். ஏசி குளிரில் உடம்பு நடுங்கியது. பிரின்சிபால் அம்மா மைக் முன்னால் நின்று வருஷத்துச் சாதனைகளை வாசித்தாள். பி.எஸ்சி.யில் எல்லோரும் தேர்ச்சி, எம்.எஸ்சி.யில் முதியோர் நர்சிங் என்று புதுப் படிப்பு, வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். கடைசியில் குரலை உயர்த்தினாள்.

"இந்த ஆண்டின் சிறந்த சமுதாய ஆய்வு, உப்பளப் பெண்களின் சிறுநீரக நலம். அவ்வளவு வெயிலில் உழைத்தும் அவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று நம் மாணவி தமிழ்நிலா நிரூபித்திருக்கிறார். எனவே உப்பளத்துக்கு நம் கல்லூரி ஒதுக்க நினைத்த மருத்துவ வண்டியும், குடிநீர், கழிப்பறைத் திட்டமும் அடுத்த ஆண்டு பெருமுக்கல் பகுதியில் கல் உடைக்கும் தொழிலாளர்களுக்குப் போகும்."

அரங்கமே கைதட்டியது. அருக்காணியின் கை எழும்பவில்லை. கழிப்பறையா? எங்கள் உப்பளத்துக்கு வர இருந்ததா? ஐயோ, நாங்களே சிரிச்சுச் சிரிச்சுக் கெடுத்துக்கிட்டோமே என்று பதறினாள். மாரியம்மாள் நினைவுக்கு வந்தாள். அவளுக்கும் இப்போது முகம் உப்பித்தான் இருக்கிறது.

"தமிழ்நிலாவின் தாயார் அருக்காணி அம்மாள் மேடைக்கு வாங்க. உங்க கையாலதான் ஷீல்டு குடுக்கணும்" என்றாள் பிரின்சிபால்.

நாலே படிதான். ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது. ஷீல்டை மகள் கையில் கொடுத்தாள். தமிழ்நிலா அதை அணைத்துக்கொண்டு சட்டென்று குனிந்தாள்.

"வேணாண்டி, கால்ல விழாதடி, வேணாண்டி" என்று அருக்காணி பின்னால் நகர்ந்தாள். ரப்பர் செருப்பு தடுக்கியது. மகளின் விரல்கள் புடவைக்கு அடியில் பாதத்தைத் தொட்டுவிட்டன.

தொட்ட கை எழும்பவில்லை. வெறும் பிள்ளையின் கையா அது, நர்சின் கை அல்லவா? கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே ஒரு அழுத்து அழுத்தி எடுத்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது. தமிழ்நிலா அந்தக் குழியைப் பார்த்தாள், நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தாய் காலில் இவ்வளவு நேரம் விழுந்து கிடக்கிறாளே என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் அருக்காணியைத் தமிழ்நிலா உட்கார வைத்தாள்.

"எத்தினி நாளா இப்படி இருக்குது?"

"கொஞ்ச நாளாத்தான்."

"ஸ்ட்ரிப் நான்தானம்மா பாத்தேன். சுத்தமா இருந்துச்சே."

இனி மறைத்து என்ன? "அது என்னுது இல்லடி கண்ணு" என்றாள் அருக்காணி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், இலக்கியாவின் பாட்டிலையும், புதுச்சேரி டாக்டர் சொன்னதையும். மகள் கத்துவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"மத்த செட்டுலயும் இப்படித்தானாம்மா?"

"யாரு கண்டா? தண்ணி குடிச்சாத்தானடி எவளுக்கும் வரும்."

"இந்த மர ஷீல்டுக்காகவாம்மா..."

"ஷீல்டு யாருக்குடி தெரியும்? அன்னிக்கு உம் மூஞ்சி சுருங்கிப் போச்சு. அதைப் பாக்க முடியல எனக்கு."

தமிழ்நிலா தலையில் அடித்துக்கொண்டாள். "நீ வேலைக்குப் போனா தண்ணி குடிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா. சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்கறேன். பாட்டில் நெறைய வந்தப்போ எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும். நீ நல்லா இருக்கறேங்கற சந்தோஷத்துல கேக்காம வுட்டுட்டேனேம்மா!"

குரூப் போட்டோவுக்குக் கூப்பிட பிரின்சிபால் வந்தாள். தமிழ்நிலா ஷீல்டை அவளிடமே நீட்டினாள்.

"மேடம், என் ஆய்வு தப்பு. சாம்பிளே அவங்களுது இல்ல. பெருமுக்கல்லுக்கு வண்டி போகட்டும், ஆனா எங்க உப்பளத்துக்கும் வரணும். எல்லாருக்கும் ரத்தம் எடுக்கணும் மேடம். எங்க அம்மா காலைப் பாருங்க."

பிரின்சிபால் பார்த்தாள். அவளும் நர்சாக இருந்தவள்தானே, ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "முதல்ல அம்மாவைக் கூட்டிட்டுப் போ. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள். ஷீல்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுக்கிக்கொண்டு, வீல்சேர் கொண்டுவரச் சொல்லி அவளே ஓடினாள்.

காலேஜுக்கு எதிரிலேயே காலேஜ் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள். டியூட்டி நர்ஸ் வந்து அருக்காணி கையில் ஒரு சின்ன பாட்டிலைத் திணித்தாள். "கொஞ்சம் யூரின் வேணும்மா. போய்ப் புடிச்சிட்டு வாங்க." அதே பாட்டில். அதே வெள்ளை மூடி.

பாத்ரூம் பளபளவென்று இருந்தது. கதவு இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. இப்படி ஒன்று அந்தப் பாத்தி ஓரத்தில் இருந்திருந்தால் எத்தனை கோடை எத்தனை செம்பு தண்ணீர் குடித்திருப்பாள்! அருக்காணி உட்கார்ந்தாள். முக்கினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்பார்களே என்று குழாயைத் திறந்து விட்டாள். அந்த நாலு சொட்டுகூட வரவில்லை.

"அம்மா, வந்துச்சா?" வெளியே தமிழ்நிலாவின் குரல்.

"இரு கண்ணு."

"அம்மா, கொஞ்சம் வந்தாக்கூடப் போதும்மா. ஒரு சொட்டு வந்தாக்கூடப் போதும்."

குழாயை மூடிவிட்டு அருக்காணி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து கதவைத் திறந்தாள். பாட்டிலுக்கு மூடியைப் போட்டு மகள் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தடவ என்னுதுதாண்டி" என்றாள்.

தமிழ்நிலா அந்தக் காலிப் பாட்டிலை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, விழாவுக்குக் கட்டிய புடவையோடு ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.