பதினேழாம் எண்ணின் சனிக்கிழமை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். செவ்வந்தியிடமிருந்து எடுத்தது. கேட்டுத்தான் எடுத்தேன். "எழுதிக்கோ சார், ஆனா எங்க குப்பத்துப் பேர மட்டும் போடாத, எங்காளுங்க பேஜார் பண்ணுவாங்க" என்றாள். ஆகவே குப்பத்துக்குப் பெயர் கிடையாது. பழவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம், ஏரிக்கரையில் இருக்கிறது. அவ்வளவு போதும்.

ஆறு முறை தொடங்கி ஆறு முறையும் கிழித்துப் போட்டேன். முதல் தொடக்கம் இப்படிப் போனது:

ஏரியின் மேல் இளஞ்சிவப்புப் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக

அதோடு நிறுத்திவிட்டேன். பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவன் பூநாரையில் தொடங்காவிட்டால் தெய்வக்குற்றம் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள் போல. இந்தக் கதை நடந்தது ஜூன், ஜூலையில். பூநாரைக்குச் சீசன் இல்லை. இருந்தாலும் கீபோர்டு வகுப்பில் அதற்கென்ன வேலை?

இரண்டாவது தொடக்கம்:

செவ்வந்தி ஏழைதான், ஆனாலும்

அந்த 'ஆனாலும்' எனக்கே பிடிக்கவில்லை. செவ்வந்தி படித்தால் நண்டுக் கூடையை என் தலையில் கவிழ்த்துவிடுவாள். அதையும் அடித்தேன்.

2

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

செவ்வந்திக்கு முப்பது வயது. நண்டு வாங்கும் ஏஜென்ட் ஷெட்டில் நண்டைத் தரம் பிரித்து எடை போடுகிற வேலை. கணவன் ஜெகதீஸ்வரன் ஏரியில் இறால் பிடிக்கிறவன். ஒரே மகள் மஞ்சு. ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

மஞ்சு விஷயத்தில் ஊரே முடிவெடுத்தது, செவ்வந்தியைத் தவிர. பொன்னேரியிலிருந்து வேன் வருகிற பள்ளிக்கூடம் ஜெகதீஸ்வரனின் முடிவு. வேனின் பக்கவாட்டில் 'இங்கிலீஷ் மீடியம்' என்று எழுதியிருந்தது, அதற்குமேல் அவன் எதையும் விசாரிக்கவில்லை. டியூஷன் நாத்தனார் செல்வம்மாளின் முடிவு. தன் பையன் போகிற இடத்துக்கே இவளும் போகட்டும், கூட்டிவர ஆள் மிச்சம் என்பது அவள் கணக்கு. அபாகஸ் யார் முடிவு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் போய் மணிகளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிவிட்டு வந்தாள். உனக்கு என்னடி வேணும் என்று குழந்தையை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் குழந்தை முதன்முதலாக வாயைத் திறந்து ஒன்று கேட்டது. பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பையன் வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம்.

"மா, எனக்கு அத கத்துக்கணும்மா."

"எதடி?"

"வெள்ள கட்ட, கறுப்பு கட்ட இருக்குமே. தட்னா பாட்டு வருமே."

இது ஒன்றையாவது நான்தான் முடிவெடுப்பேன், இதை என் மகளுக்கு வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டேன் என்று செவ்வந்தி அப்போதே மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். இந்தக் கதையின் உயிர் அந்த முடிச்சில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் என் அலட்டல்.

3

பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு மாடி வீட்டில் செசிலியா டீச்சர் இருக்கிறார். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர். சனிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார். கீபோர்டு இரண்டு, வகுப்பு மூன்று. ஆக ஆறு பிள்ளைகளுக்குத்தான் இடம். இந்த வருடம் பெயர் கொடுத்தவர்களோ இருபத்துமூன்று பேர்.

"யாருக்கும் மனஸ்தாபம் வேணாம், குலுக்கிப் போட்டுடலாம்" என்று டீச்சர் பிஸ்கட் டப்பாவில் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டு நீட்டினார். செவ்வந்தி எடுத்தது பதினேழு.

"ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் இந்த சனிக்கிழம வந்துடுங்க" என்றார் டீச்சர். மற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். செவ்வந்தி மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே சிரித்த முகமாக இறங்கினாள்.

* இங்கே அடிக்குறிப்பு போட வேண்டிய இடம். அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் நடுவிலேயே போடுகிறேன். ஏரியில் இறால் அகப்படுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். எல்லா இடமும் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் கூடை நிறையும், இன்னொன்றில் பாசிதான் வரும். அதனால் செவ்வந்தியின் குப்பத்தில் கூட்டம் போட்டுச் சீட்டு எடுப்பார்கள். உனக்கு உண்டு, உனக்கு இல்லை என்று அந்தச் சீட்டு சொல்லாது. யார் முதலில், யார் பிறகு என்று மட்டும்தான் சொல்லும். சுற்றிச் சுற்றி எல்லா இடமும் எல்லோருக்கும் வந்தே தீரும். (பாடு என்றால் பாடச் சொல்வதும்தான். அந்தச் சிலேடையை இந்தக் கதையில் தொடுவதில்லை என்று சபதம். கை அரிக்கத்தான் செய்கிறது.) இன்னொன்று, அந்தச் சீட்டு கல்யாணமான ஆண்களுக்கு மட்டும்தான். முப்பது வருடத்தில் செவ்வந்தி தன் கையால் எடுத்த முதல் சீட்டு, பிஸ்கட் டப்பாவில் எடுத்ததுதான்.

"நமக்கு மூணாவது சனிக்கிழமய்யா" என்று வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். "வாரத்துக்கு ஆறு பேரு. பதினேழுன்னா மூணாவது வாரம்."

ஜெகதீஸ்வரனும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். "கரெக்ட்டு" என்றான். சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டது. குப்பம் முழுக்கச் செய்தி போனது.

4

இந்த இடத்தில் கதைக்கு ஒரு கெட்டவன் தேவைப்படுகிறான். முந்தைய பிரதியில் 'தொந்தி வைத்த ஒரு தகப்பன்' என்று ஒருவனைக் கொண்டுவந்து, அவன் வாயில் நாலு கடுஞ்சொல்லும் வைத்திருந்தேன். ஒரு வாரம் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே கூசியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தகப்பன் நான்தான். தொந்தியும் என்னுடையதுதான். பொன்னேரியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். என் மகன் ராகுலுக்கு ஆறு வயது, குலுக்கலில் மூன்றாம் எண். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமே: கீபோர்டில் ராகுலுக்குப் பிடித்தது 'டெமோ' பட்டன் ஒன்றுதான். அதை அமுக்கினால் அதுவே வாசிக்கும், இவன் தலையை ஆட்டுவான்.

ஆக, இந்தக் கதையைச் சொல்கிறவன் அதில் ஒரு கட்சிக்காரன். நீங்கள் அதற்குத் தகுந்தபடி தள்ளுபடி செய்து படித்துக்கொள்ளுங்கள்.

5

மூன்றாவது சனிக்கிழமை. காலை ஒன்பது மணி. ராகுல் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. தலை நிறையப் பூவும் பொங்கலுக்கு எடுத்த பாவாடையுமாக மஞ்சு, அவளுக்குப் பின்னால் சீட்டைக் கையில் பிடித்தபடி செவ்வந்தி.

"ராஜா, எழுந்திருப்பா. இன்னிக்கு எங்க முறை" என்றாள் ராகுலிடம்.

ராகுல் எழுந்தேவிட்டான். (துரோகி.)

நான் குறுக்கே புகுந்தேன். "இன்னாம்மா முறை? குலுக்கல்ல விழுந்தது ஆறு பேருக்குத்தான். பதினேழுன்னா இல்லனு அர்த்தம்."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லதான். அவ்ளோதான்."

செவ்வந்தி டீச்சரைப் பார்த்தாள். "ஆமாம்மா. நான் தெளிவா சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றார் டீச்சர்.

அப்போதுதான் செவ்வந்திக்கு விளங்கியது. காது மடல்வரை சூடேறியது. மூன்று வாரமாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று. காலையில் செல்வம்மாள் கேட்டபோதுகூட, 'இன்னிக்கு எங்க பொண்ணு வாசிக்கப் போறா' என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு வந்திருந்தாள். இல்லாத முறைக்குப் பூ வைத்துக் கூட்டிவந்திருக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. "மா, நம்ம முறை இல்லியா?" என்று மஞ்சு முந்தானையை இழுத்தாள்.

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) செவ்வந்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கினாள். ஏரிக்காற்று

இதற்குப் பத்திரிகைகளில் நல்ல மரியாதை உண்டு. யதார்த்தம் என்பார்கள். ஆனால் அவள் இறங்கவில்லையே, நான் என்ன செய்ய?

(ஆ) மூன்றாம் எண்ணின் தகப்பன் கண் கலங்கி, தன் மகனின் இடத்தை

சுத்தப் பொய். எனக்குக் கண் கலங்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. வகுப்பில் பத்து நிமிடம் போய்விட்டதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

(இ) டீச்சர் மனமிரங்கி மஞ்சுவை மட்டும் ஏழாவது பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டார்.

இது கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. "சரி, அழாத கண்ணு. உன்ன மட்டும் கடைசி வகுப்புல சேத்துக்கறேன்" என்று டீச்சர் சொன்னார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். நானாக இருந்தால் கட்டாயம் வாங்கிக்கொண்டிருப்பேன்.

செவ்வந்தி மகள் முகத்தைப் பார்த்தாள். சரி என்ற ஒரு சொல் போதும், மஞ்சுவுக்குக் கட்டை கிடைத்துவிடும். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது என்று பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள்.

"அது எப்டி டீச்சர்? எனக்கு முன்னாடி ஏழுலேர்ந்து பதினாறு வரைக்கும் பத்து பேரு கீறாங்களே. அவங்கள தாண்டி நான் எடுத்தா நல்லாயிருக்குமா? எங்க ஏரில அப்டி பண்ணா வலைய அறுத்து வுட்ருவாங்க."

"அப்ப இன்னாதாம்மா பண்ணலாங்கற?" என்றேன் நான்.

"சீட்டு போடறது யாருக்கு இல்லனு சொல்றதுக்கா சார்? யாரு முன்ன, யாரு பின்னனு சொல்றதுக்கு. இருவத்திமூணு பேரும் சீட்டு எடுத்தாங்கல்ல? அப்ப இருவத்திமூணு பேருக்கும் முறை உண்டு."

ராகுல் இந்தச் சமயம் பார்த்து 'டெமோ' பட்டனை அமுக்கினான்.

7

டீச்சரிடம் நியாயமான ஒரு கேள்வி இருந்தது. "சுத்திவர நாலு வாரம் ஆயிடும் செவ்வந்தி. மாசத்துக்கு ஒரு நாள் தொட்டா வெரல் மறந்துடும். அது கத்துக்கிட்ட மாதிரியே ஆவாது."

செவ்வந்தி யோசித்தாள். நான் இங்கே ஒரு பக்கம் அவள் யோசித்ததை எழுதி, வேண்டாமென்று எடுத்துவிட்டேன். யோசித்தாள், அவ்வளவுதான்.

"எங்க வூட்டுக்காரு முறை இல்லாத நாள்ல தூங்கிட்டா கீறாரு? வலைய கட்டிட்டு, கம்ப சீவிட்டுதான் உக்காந்துருப்பாரு. புள்ளங்க எல்லாரும் எல்லா வாரமும் வரட்டும் டீச்சர். முறை இல்லாததுங்க அட்டையில தட்டட்டும்."

"எந்த அட்டையில?"

"நான் எட்தாறேன்."

போகும்போது ஒரு நூலால் கீபோர்டின் நீளத்தையும் கட்டைகளின் அகலத்தையும் அளந்துகொண்டு போனாள்.

நண்டு ஷெட்டில் ஐஸ் பெட்டிகளின் தெர்மாகோல் மூடிகள் மலையாகக் கிடக்கும். அந்த வாரம் அவள் வீட்டு வாசலில் அவை குவிந்தன. "ஊர் முறைய எட்துனு போயி டீச்சர் வூட்ல வெச்சிட்டியா நீ?" என்று ஜெகதீஸ்வரன் முதலில் முறைத்தான். பிறகு கத்தியை எடுத்தான். வலைக்கண்ணி ஒரே அளவாக வருவதற்கு வைத்துப் பின்னுகிற மூங்கில் பட்டையைக் கொண்டுவந்து, அதை வைத்தே மார்க்கரால் கோடு போட்டான். கறுப்புக் கட்டை வந்ததும் குழம்பிவிட்டான்.

"இன்னாடி இது, ரெண்டு, அப்பால மூணு, மறுபடி ரெண்டு? கண்ணி ஒழுங்கா இல்லியே."

"அது அப்டிதான் நைனா" என்றாள் மஞ்சு, ஏதோ பத்து வருடம் வாசித்தவள் மாதிரி.

8

அடுத்த சனிக்கிழமை மாடிப்படி தாங்கவில்லை. டீச்சர் எல்லோருக்கும் போன் போட்டிருந்தார். இருபத்துமூன்று பேரில் இருபத்தொருவர் வந்தார்கள். ஆளுக்கொரு தெர்மாகோல் மூடி. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் நண்டு வாடை போகவில்லை. டீச்சர் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தார்.

"இத்தன பேர யாரு மேய்க்கறது? முறை யாரு பாக்கறது?" என்று டீச்சர் தலையில் கைவைத்தபோது, "நான் பாக்கறேன்" என்றாள் செவ்வந்தி. ஒரு நோட்டுத்தாளில் இருபத்துமூன்று பெயரையும் வரிசையாக எழுதிக் கதவில் ஒட்டியிருந்தாள். ஊர்ச் சீட்டில் பெயர் இல்லாதவள், கதவடியில் நின்று முறை கூப்பிட்டாள். "ஏழு! எட்டு! வாங்கம்மா, ஜல்தி." என்னைப் பார்த்து, "சார், உங்க புள்ள இன்னிக்கு அட்டையில" என்றாள்.

கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அன்றைக்குத்தான் ராகுல் முதன்முதலாகத் தாளம் தவறாமல் எண்ணினான். தெர்மாகோலில் டெமோ பட்டன் கிடையாது.

மஞ்சுவும் அன்று அட்டையில்தான் இருந்தாள். பதினேழு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. முறை முறைதான் என்று அம்மாக்காரி அசையவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை, இரண்டாம் வகுப்பு முடிந்ததும் செவ்வந்தி கதவடியில் நின்று, "பதினேழு" என்றாள். மஞ்சு போய் உட்கார்ந்தாள். விரலை வைத்ததும் சத்தம் வந்தது. இரண்டு வாரம் சத்தமே வராத அட்டையில் தட்டியவள் அல்லவா, திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி வைத்தாள். ஏழு கட்டை ஏறி, ஏழு கட்டை இறங்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஏ...ய்!" என்று கத்தினாள் செவ்வந்தி. வலை நிறைந்து வரும்போது கரையில் கத்துவார்களே, அந்தக் கத்தல். மாடிப்படி முழுக்க நின்ற தாய்மார்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வாங்கிய தோல்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

9

பத்து வருடம் கழித்து, சென்னையில் ஒரு பெரிய மேடையில், மஞ்சு

இல்லை, எழுத மாட்டேன். டியூஷன் சென்டர் நோட்டீஸ்கள் எல்லாம் இப்படித்தான் முடிகின்றன. அவளுக்கு ஏழு வயது. அடுத்த மாதம் கீபோர்டு சலித்துப்போய் நீச்சல் வேண்டும் என்று கேட்டாலும் கேட்பாள். அப்போதும் அவள் கேட்டது நடக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

அதனால் இந்தக் கதைக்கு முடிவு இல்லை, வரிசைதான் இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது கதவுத்தாளில் முப்பத்திரண்டு பெயர்கள் ஆகியிருந்தன. குப்பத்திலிருந்தே ஆறு பிள்ளைகள் வருகிறார்கள், செல்வம்மாளின் பையன் உட்பட. முப்பத்துமூன்று என்று எண் மட்டும் போட்டு, பக்கத்தில் காலியாக விட்டிருக்கிறாள் செவ்வந்தி. பேனா நூலில் கட்டித் தொங்குகிறது. உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வேண்டும் என்றால் வந்து எழுதுங்கள்.