குழாயடியில் கேட்ட கேள்வி

கேமராவைப் போடச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. முகம் தெரியாவிட்டால்தான் சிலருக்கு வாய் திறக்கும். ஆன்லைனில் கவுன்சலிங் கொடுக்கத் தொடங்கிய இந்த நாலு வருடத்தில் அவ்வளவுதான் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன். "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, மனசு விட்டுப் பேச முடியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் ஆரம்பிப்பேன். ஒற்றை அறை வீடுகளில் குடும்பம் நடத்துகிறவர்களிடம் இதைக் கேட்காமல் முடியாது.

அனிதா என்று பதிவு செய்திருந்த பெண்ணும் குரல் மட்டும் போதும் என்றாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் முதல் ஷிஃப்ட். புதன்கிழமைதோறும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வந்ததும், மூன்று மணிக்கு அழைப்பாள். மணிமேகலை மேடமாகிய நான் சென்னையில் இருப்பதாக அவளாகவே நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை. நான் தூரத்துக்காரி என்பதுதான் அவளுக்குத் தெம்பு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. போன வருடம், எட்டாம் மாதத்தில், குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அப்போது கிருஷ்ணகிரியில் இருந்தார்கள். தெரிந்தவர்களின் பரிதாபப் பார்வையைத் தாங்க முடியாமல், யாருக்கும் எதுவும் தெரியாத இடமாகப் பார்த்து வீடு மாறினார்கள். தெரியாததால் இங்கே வேறு கேள்வி வந்தது.

"குழாயடில ஒரு அக்கா. படிச்சவங்க மாதிரிதான் இருக்காங்க. இன்னும் விசேஷம் இல்லையான்னு கன்னடத்துல கேட்டாங்க. சிரிச்சிக்கிட்டே கேட்டாங்க மேடம். குடத்த அங்கயே வச்சிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் நான் தண்ணிக்கே போறதில்ல, அவருதான் புடிச்சிக்கிட்டு வர்றாரு."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யார் அந்த மகராசி, அடுத்தவள் வயிற்றை விசாரிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காதா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். வாய் மட்டும், ரொம்ப வலித்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே பழைய இரும்பு வாங்கும் ஆட்டோ வந்தது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் எங்கள் தெருவுக்கு வாரம் தவறாமல் வருவது. மைக்கில், "பழைய பேட்டரி, உடைஞ்ச ஃபேன்" என்று கத்திவிட்டு ஓய்ந்தது. ஒரு நொடி கழித்து என் ஹெட்ஃபோனுக்குள் அதே குரல், "பழைய பேட்டரி, உடைஞ்ச ஃபேன்" என்றது.

கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த முனிலட்சுமிதான் இந்த அனிதா. எங்கள் வரிசையில் பாதிப் பேர் பேசுவது கன்னடம், நானும் அவளிடம் கன்னடத்தில்தான் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறேன். அவளுக்கு நான் பூவம்மாள் மகள், அவ்வளவுதான். தமிழில் கேட்டபோது அவள் குரல் எனக்குப் பிடிபடவில்லை, என் குரல் அவளுக்கும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடம் நிறைகிறவரை பேச ஏதாவது வேண்டுமே என்றுதான் அதைக் கேட்டேன். அந்த மகராசி நான்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசுகிறவள், குடத்தைத் தூக்கியதும் வாய்க்கு வந்ததைக் கேட்கிறேன். வெட்கமாக இருந்தது.

சொன்னால், அவள் மறைந்துகொள்ள இருந்த ஒரே இடமும் போய்விடும். அப்புறம் இதை யாரிடமும் பேசவே மாட்டாள். சொல்லாவிட்டால், அவள் அழுகையை ஒட்டுக் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரி ஆகிவிடுவேன்.

"நான் சென்னைல இல்லைங்க. உங்க தெருவுலதான் இருக்கறேன். குழாயடில கேட்டது நான்தான். தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க."

அவள் சொன்னது எதுவும் என்னைத் தாண்டிப் போகாது என்றேன். விருப்பப்பட்டால் வேறு ஊர் கவுன்சலரிடம் சேர்த்துவிடுவதாகவும் சொன்னேன். அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் குழாயடிப் பக்கம் போகவில்லை. மதியம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாளா என்று மட்டும் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை மூன்று மணி ஆனது. மூன்றேகாலுக்கு போன் அடித்தது.

"வேற ஆளுன்னா மறுபடியும் முதல்ல இருந்து சொல்லணும் மேடம். அதுக்கு எனக்குத் தெம்பில்ல."

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பழக்கதோஷத்தில் கேட்டேன்.

"குழாயடில நிக்கறேன். யாரும் இல்ல."

எட்டிப் பார்த்தேன். குழாய்க்குக் கீழே குடத்தை வைத்துவிட்டு, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, என் வீட்டைப் பார்க்காமல் நின்றிருந்தாள்.

"அன்னிக்குக் கேட்டீங்களே, அத இப்ப சரியா கேளுங்க. பதில் சொல்றேன்."

குடம் நிறைந்து வழிய ஆரம்பித்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"குழந்தைக்குப் பேர் யோசிச்சு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து குழாயை மூடினாள்.

"மாதேஸ்வரி," என்றாள். "இதுவரைக்கும் யாருமே கேக்கல மேடம்."

மாதேஸ்வரி என்று நானும் ஒருமுறை சொன்னேன். முனிலட்சுமி என் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.