கத்தி படாத உடல்

குரங்கு செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் நெற்றியில் நாமம், கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் காவித் துண்டு. சுந்தரபாண்டியத்துக்கு மேற்கே, மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரே சுற்றி நின்றது.

கால்நடை டாக்டர் சிவரஞ்சனி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தாள். முதலில் கண்ணில் பட்டது தோப்புக் காவல்காரன் மாரிசாமியின் வலது கட்டைவிரல். சுற்றியிருந்த துணி ரத்தத்தில் நனைந்திருந்தது.

“கையில என்ன?”

“சாமி பல்லு பட்டுருச்சு டாக்டரம்மா. உசுரு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. கடைசியா வாயில பால் ஊத்துனேன். கவ்விருச்சு.”

“அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?”

“ரெண்டு நாளா பின்னங்கால் வரல. எச்சி ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. கொரலு மாறி, புள்ள அழுதாப்புல...”

சிவரஞ்சனிக்குப் புரிந்துவிட்டது. வெறிநோய். ஏதோ ஒரு நாய் எப்போதோ இதைக் கடித்திருக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். தலையை மட்டும் எடுத்து, ஐஸில் வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மூளையைச் சோதித்தால் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும்.

கூட்டம் கொதித்தது.

“நாய்த் தலைய அறுங்க, பன்னித் தலைய அறுங்க, யாரு கேக்கா?” என்று முன்னால் வந்தார் ஊர்ப் பெரியவர் சமுத்திரம். “மலையத் தூக்குன சாமி தலையவா அறுக்க வந்திருக்கீக?”

“மூளை இருக்கான்னு பாக்கணும்னா நம்ம ஐயாதுரை தலைய அறுங்க டாக்டரம்மா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “ஒண்ணும் இருக்காது. சோலி சீக்கிரம் முடியும்.”

எழவு வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். மாரிசாமி சிரிக்கவில்லை.

“டாக்டரம்மா, சாமி மேல கத்தி வைக்காதீக. எனக்கு ஊசிதான போடணும்? எத்தனைன்னாலும் போட்டுக்கிடுதேன். இந்தா, சாமி மேல சத்தியம்.”

செத்த குரங்கின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

எத்தனையோ மாடு, ஆடு, நாய்களை அறுத்துப் பார்த்த கை சிவரஞ்சனியுடையது. ஆனால் சனிக்கிழமை தவறாமல் ராஜபாளையத்தில் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்துகிற கையும் அதுதான். நாமம் போட்ட அந்த நெற்றியைப் பார்த்தாள். பைக்குள் கத்தி இருந்தது. பையை அவள் திறக்கவில்லை.

கைகூப்பிவிட்டு நிமிர்ந்தாள். “சரி. குழியை ஆழமாத் தோண்டுங்க. மாரிசாமி அண்ணே, நீங்க என்கூட வாங்க.”

பம்ப்செட் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவினாள். ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். காயத்துக்குள் ஒரு மருந்து, தோளில் ஊசி. இன்னும் மூன்று முறை வர வேண்டும் என்று தேதி எழுதி அட்டை கொடுத்தார்கள்.

“விட்ராதீங்க அண்ணே.”

“சத்தியம் பண்ணிருக்கேன்லா?”

சாமி மேல் செய்த சத்தியத்தை யார் மீறுவார்கள்? அவளும் அப்படித்தான் நம்பினாள்.

இருபத்தாறாம் நாள் காலையில் போன் வந்தது. மாரிசாமியின் மனைவி முனீஸ்வரி.

“அவியளுக்குத் தண்ணி எறங்க மாட்டேங்கு டாக்டரம்மா. செம்பைக் கண்டாலே ஒடம்பு தூக்கிப் போடுது. காத்து பட்டாலும் அப்பிடித்தான். சாமி வந்திருக்குன்னு சமுத்திரம் மாமா சூடம் காட்டுதாரு.”

“ஊசி அட்டை எங்க? எத்தனை போட்டிருக்கு?”

“ஒண்ணு.”

“ஒண்ணா?”

“அன்னைக்கு ஊசி போட்டுட்டு வந்ததும் சாமிக்கு இவியதான மொட்டை போட்டுக் கொள்ளிக்குடம் ஒடைச்சாவ? பதினாறு கழியாம ஊரெல்லை தாண்டக் கூடாதுன்னுட்டாக. கழிஞ்சதும் போலாம்னுதான் இருந்தாவ. பொறவு காயம் ஆறிருச்சு. சாமி கடிச்சது, சாமியே ஆத்திருச்சுன்னுட்டாவ.”

இனி அவனைக் காப்பாற்ற உலகத்தில் எந்த ஊசியும் இல்லை. அது சிவரஞ்சனிக்குத் தெரியும். தெரிந்தும் ஆம்புலன்சுக்குச் சொன்னாள். தெரிந்தும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியை விரட்டினாள்.

மூன்றாம் நாள் மதியம் மாரிசாமி போய்ச் சேர்ந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முனீஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பிடித்து அமுக்கியபோது அவன் நகம் கீறி, எச்சில் பட்ட இடது கையை மடியில் வைத்திருந்தாள். ஊசிக்குக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் சிவரஞ்சனி.

“ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அறுத்துப் பாத்திருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்?”

“ரெண்டு மூணு நாள்ல, வெறிநோய்தான்னு.”

“தெரிஞ்சிருந்தா இவிய எல்லை தாண்டியிருப்பாவளா?”

“தாண்ட மாட்டேன்னு சொல்லியிருந்தா, நான் ஊசியை ஊருக்கே கொண்டுவர ஏற்பாடு பண்ணியிருப்பேன்.”

முனீஸ்வரி மெல்லத் திரும்பினாள். “ஊசிய ஊருக்கே கொண்டாரலாமா?”

“கேட்டிருந்தா கொண்டு வந்திருக்கலாம்.”

“எங்களுக்குத் தெரியாதே.”

“நானும் ஒரு போன் போட்டுக் கேட்கலை.”

வராந்தாவின் கோடியில் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. சிவரஞ்சனிக்கு மறைக்கத் தோன்றவில்லை.

“அவர் சொன்னதுக்காக மட்டும் நான் கத்தியை எடுக்காம இருக்கலை, முனீஸ்வரி. எனக்கும் கை வரலை. நானும் கும்பிடுற சாமி. அவர் சத்தியம் பண்ணதும், தப்பிச்சோம்னு இருந்துச்சு.”

முனீஸ்வரி அழுவாள் என்று நினைத்தாள். திட்டுவாள் என்றும் நினைத்தாள். முனீஸ்வரி கீறல் விழுந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவிய கும்புட்டதோட நின்னாவ. அவியளுக்கு அம்புட்டுத்தான் தெரியும். நீங்க படிச்சவுக.” மூச்சு வாங்கினாள். “கும்புட்டுட்டு, பொறவு அறுத்திருக்கலாமே டாக்டரம்மா. சாமி கோவிச்சா இருக்கும்?”

ஊசி அறையிலிருந்து நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முனீஸ்வரி எழுந்தாள். துணைக்குப் போக சிவரஞ்சனியும் எழுந்தாள்.

“நீங்க வேண்டாம்.”

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முனீஸ்வரி தனியாக உள்ளே போனாள்.