எண்ணெய் வைக்கிற நேரம்

நல்லெண்ணெய்ப் போத்தலின் மூடி அசையவில்லை. வாகீசன் சால்வைத் தலைப்பால் பிடித்துத் திருகினார். பியூனரல் ஹோம்காரர்கள் மண்டபத்தை அடுத்த ஆட்களுக்கு விடவேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். ஐயரோ இன்னும் பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தார். கதிரைகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. கொலைகாரன் என்று பெயரெடுத்தவனின் செத்தவீட்டுக்கு யார் வருவார்கள்?

பெட்டிக்குள் கிடந்தவர் மைத்துனர் அருள்நாயகம், மனைவி யோகமலரின் ஒரே தம்பி. கனடாவுக்கு வந்ததும் அக்காவிடம்கூட வராமல் நேரே வடக்கே காட்டுக்குப் போய், கிளிபோட் என்ற இன்னொரு யாழ்ப்பாணப் பொடியனோடு பீவர் என்ற நீர்விலங்குக்குப் பொறி வைத்துத் தோல் விற்றவர். ஒரு பனிக்காலத்தில் கிளிபோட்டைக் காணவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பொலிஸ் அருள்நாயகத்தைத்தான் சந்தேகித்தது, ஆனால் நிரூபிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் காட்டை விட்டு வெளியே வரவில்லை. எப்போதாவது ஒரு போன் வரும். கரகரத்த குரலில் ஒன்றிரண்டு சொல். வரவேண்டாம் என்பது அதில் ஒன்று. மீசை அரும்பாத வயதில் ஊரில் விட்டுவந்த தம்பியை யோகமலர் இன்றைக்குத்தான், நரைத்த தாடியோடு காண்கிறாள்.

தங்கள் டோர்செட் பார்க் வீட்டுக்குப் பொலிஸ் விசாரிக்க வந்த நாளிலிருந்து வாகீசனுக்குத்தான் தலையிடி. கோயிலில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போனார். யோகமலர் மட்டும் ஒன்றையே சொல்வாள்.

“என்ர தம்பி கோழி வெட்டுறதைக்கூடப் பாக்கமாட்டான்.”

“அப்ப உவ்வளவு பீவரையும் ஆர் உரிச்சது? நானோ?”

அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

மூடி சட்டென்று திறந்து எண்ணெய் வேட்டியில் கொட்டியது. பிள்ளை குட்டி இல்லாத மனுசன், கிரியையும் தன் தலையில் என்று வாகீசன் முணுமுணுத்தார்.

யோகமலர் அரப்பும் எண்ணெயும் தொட்டுத் தம்பியின் தலையில் வைத்தாள். கை பிடரிக்குப் போனதும் நின்றது. மறுபடி தடவினாள். மயிரை விலக்கிப் பார்த்தாள்.

சின்ன வயதில் ஊஞ்சல் பலகை அடித்து, தம்பியின் பிடரியில் மயிர் முளைக்காமல் போன வட்டத்தைப் பற்றி அவள் சொல்லி வாகீசன் எத்தனை தரம் கேட்டிருப்பார். எண்ணெய் வைப்பதுபோல அவரும் கையை விட்டுப் பார்த்தார். எங்கும் மயிர் அடர்ந்திருந்தது. ஒரு தழும்பும் இல்லை.

இது கிளிபோட். காட்டில் காணாமல் போனது அருள்நாயகம்.

“யோகம், பொலிசுக்குச் சொல்லவேணும்,” என்றார் மெதுவாக. “இத்தனை வருசமா இவன் எங்களை…”

“எண்ணெயை இஞ்சால தாங்கோ.”

“உனக்கென்ன விசரே? ஆருக்கு இப்ப கிரியை செய்யப்போறாய்?”

“தம்பிக்கு.”

ஐயர் சப்பாத்தின் பனியைத் தட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாகப் பெயர், நட்சத்திரம் கேட்டார். வாகீசன் மனைவியைப் பார்த்தார்.

“அருள்நாயகம். பூரட்டாதி,” என்றாள் அவள்.

ஐயர் மந்திரத்தினூடே அந்தப் பெயரைச் சொன்னபோதெல்லாம் வாகீசன் வேட்டியின் எண்ணெய்க் கறையைத் தேய்த்தார். கையில் தர்ப்பை இறுகிக் கிடந்தது.

பெட்டியை மூடுமுன் யோகமலர் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். சின்ன வயதில் தம்பிக்கு எடுத்துவிடுவதுபோல வலப்பக்கம் வகிடு எடுத்தாள். பிறகு அதைக் கலைத்து, அந்த ஆள் வாரியிருந்தபடியே தலையைப் பின்னுக்கு வாரிவிட்டாள்.