நிபுணர் வந்து பார்த்த பிரிண்டர்

கணவனின் தம்பிக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் நிபுணர். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வீட்டில் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் விற்கும் பெரிய கடையொன்றில் அவன் விற்பனை மேலாளர். வருகிறவர்களிடம் இது நல்லது, அது இதைவிட நல்லது என்று சொல்வதுதான் வேலை. ஒரு திருகாணியைக் கூடக் கழற்றி அறியாதவன். ஆனால் மின்சாரத்தில் ஓடும் எது மக்கர் பண்ணினாலும் மாமியார் வாயிலிருந்து முதலில் வருவது, "சின்னவனுக்கு ஒரு போனைப் போடு" என்பதாகத்தான் இருக்கும். அவன் கைபட்ட இஸ்திரிப் பெட்டி ஒன்றும் டேபிள் ஃபேன் ஒன்றும் பரணில் கிடக்கின்றன. அவற்றைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்த நம்பிக்கைக்கு ஒரு கீறல் விழவில்லை.

அவளுக்கு வேலை மருந்து கம்பெனி ஒன்றில். மாத்திரைப் பெட்டிக்குள் பதினாறாக மடித்து வைத்திருப்பார்களே, எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்தில் ஒரு குறிப்புச் சீட்டு, அது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது. யாரும் படிக்காத அந்தச் சீட்டை அவள் மூன்று முறை படிப்பாள். கடைசி முறை காகிதத்தில்தான் படிக்க வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் போட வேண்டும். திரையில் தப்பித்துப் போகிற பிழை காகிதத்தில் மாட்டிக்கொள்ளும் என்று அவளுக்கும் அனுபவம் உண்டு.

ஆபீஸ் மாடியை இடித்துக் கட்டுகிறோம், இரண்டு மாதம் வீட்டிலிருந்தே பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த லேப்டாப்பில் ஒயர் சொருகுகிற துவாரங்களை எல்லாம் பூட்டி வைத்திருந்தார்கள். பென் டிரைவ் போட முடியாது, பிரிண்டர் ஒயரும் போட முடியாது. வெளிவராத மருந்தின் தாள் என்பதால் ஜெராக்ஸ் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தது, கணவன் அறையில், அவனுடைய பெரிய கம்ப்யூட்டரோடு ஒயரில் கட்டிப்போட்டபடி. வீட்டு வைஃபை வழியாக லேப்டாப்பிலிருந்து அந்தப் பிரிண்டருக்குப் போய்க்கொள்ளலாம் என்று ஆபீஸ் அனுமதித்திருந்தது. அனுமதிதான் இருந்தது, வழி இல்லை. லேப்டாப்பைத் திறந்து தேடினால் அந்த வீட்டில் பிரிண்டர் என்ற ஒன்று பிறக்கவே இல்லை என்கிற மாதிரி வெறுமையாகக் காட்டியது.

நாற்பத்து நான்கு பக்கம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. புதன்கிழமை காலை கையெழுத்தோடு போக வேண்டும்.

"சின்னவனுக்கு ஒரு போனைப் போடு" என்றார் மாமியார்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு நிபுணர் வந்தான். சோபாவில் உட்கார்ந்து டீ குடித்து முடிக்கும்வரை பிரிண்டர் இருக்கும் திசையையே பார்க்கவில்லை. பெரிய டாக்டர்கள் அப்படித்தான். பிறகு எழுந்து போய் பிரிண்டரை அணைத்தான், போட்டான். திரும்ப அணைத்தான், போட்டான். மூன்றாவது முறை அணைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து அதையே முறைத்துக்கொண்டு நின்றான். வாசலில் நின்ற அண்ணனும் அம்மாவும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

"தம்பி, லேப்டாப்புல ஒரு செய்தி வருது. அதை ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்" என்றாள் அவள்.

"அதெல்லாம் சும்மா வரும் அண்ணி. யாரும் படிக்க மாட்டாங்க."

படிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவளிடம் இதைச் சொன்னான். பிறகு அண்ணன் கம்ப்யூட்டரில் இருந்த பிரிண்டர் புரோகிராமை அழித்தான். புதிதாகப் போடுகிறேன் என்று பாதி போட்டான், அது பாதியிலேயே நின்றது. இப்போது கணவனின் கம்ப்யூட்டரிலிருந்தும் அச்சாகவில்லை. வரும்போது ஒரு குறை இருந்தது, போகும்போது இரண்டாக்கி வைத்துவிட்டு கையைத் துடைத்துக்கொண்டான்.

"உங்க ஆபீஸ் லேப்டாப் குப்பை அண்ணி. எங்க கடையில வந்து பாருங்க, நல்லதா ஒண்ணு காட்டறேன்."

"அது ஆபீஸ் குடுத்தது தம்பி. நான் மாத்த முடியாது."

"அதான் பிரச்சனையே. இதெல்லாம் ஒரு நெட்வொர்க்கிங் அண்ணி, உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"சொல்லித்தான் பாருங்களேன்."

அவன் சிரித்தான். அண்ணனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அண்ணனும் சிரித்தான். கடவுள் அவனுக்குக் கழுத்து வைத்ததே தம்பி பேசும்போது ஆட்டுவதற்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. மாமியார் சின்னவனைப் பார்த்து, "லீவு நாள்லகூட உன்னை விடமாட்டேங்கறாங்களே" என்றார். அவன் சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, நாலு மணிக்குக் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் குளிக்கப் போனபோது, திறந்து கிடந்த கம்ப்யூட்டரின் முன் அவள் உட்கார்ந்தாள். பிரிண்டரோடு வந்த சின்னப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். அதைவிடச் சின்ன எழுத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவளுக்கு அது விளம்பரப் பலகை மாதிரி இருந்தது. 'ஒயரைக் கழற்றிவிட்டு நிறுவவும், கேட்கும்போது மட்டும் சொருகவும்' என்று தடித்த எழுத்திலேயே போட்டிருந்தார்கள். அப்படியே செய்தாள். கணவன் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் சோதனைத் தாள் ஒன்று வந்து விழுந்தது.

"அட, வேலை செய்யுதே" என்றான் அவன். "நேத்து தம்பி போட்டது லேட்டா புடிச்சிருக்கும்போல."

அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். அடுப்பில் வைத்த பாலா அது, லேட்டாகப் பிடிக்க? வாயைத் திறந்தால் மதியம்வரை மூடாது என்று எழுந்து போய்விட்டாள். லேப்டாப்புக்கு மட்டும் இன்னும் பிரிண்டர் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் உதவிப் பிரிவுக்குப் புகார் எழுதிப் போட்டாள். மாலை ஐந்தரைக்குத்தான் கூப்பிட்டார்கள். பேசியவர் அலுத்துப்போன குரல்காரர். அன்றைக்கு நாற்பது பேரின் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்திருப்பார். ஆனாலும் நிபுணரைப் போல் சிரிக்கவில்லை. அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த கணவன் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டான். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"பிரிண்டர் பேர்ல வலது பக்கம் கிளிக் பண்ணி, ஷேர் பண்ணற இடத்துல டிக் போடுங்க மேடம். ஒரு சின்னப் பேர் குடுங்க. ஆச்சா?"

"ஆச்சு."

"இப்ப லேப்டாப்புக்கு வாங்க. நான் இங்கேர்ந்து சேர்த்து விடறேன்." திரையில் அம்பு தானாக நகர்ந்தது, எதையோ திறந்தது, எழுதியது, நின்றது. "ம்ஹூம். அந்தக் கம்ப்யூட்டரே கண்ணுக்குத் தெரியலையே. ரெண்டும் ஒரே வைஃபைதானே?"

"ஒரே வீடு, ஒரே பெட்டி. வேற எங்க போகும்?"

"வைஃபை பேரைக் கொஞ்சம் படிங்க மேடம், முழுசா."

அவள் படித்தாள். வீட்டின் பெயர், அடியில் ஒரு கோடு, அதற்குப் பிறகு ஒரு சொல். கெஸ்ட்.

"அது விருந்தாளிகளுக்குன்னு தனியா வைக்கறது மேடம். வந்து போறவங்களுக்கு இன்டர்நெட் மட்டும் கிடைக்கும், வீட்ல இருக்கற மத்த மெஷின் எதுவும் தெரியாது. வீட்டுக்காரங்ககிட்ட மெயின் பாஸ்வேர்ட் கேட்டுப் பாருங்களேன்." பிறகு, நல்ல மனசோடுதான், கேட்டார்: "நீங்க அங்க பேயிங் கெஸ்டா மேடம்?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பிரிண்டரின் மூடியைத் திறந்து உள்ளே ஏதோ தேடிக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க" என்றாள். "பதினோரு வருஷமா இங்கதான் இருக்கேன்."

வந்த கோபத்தில் முதல் பங்கு அவளுக்கே போனது. காற்புள்ளி ஒன்று இடம் மாறி நின்றால் கழுத்தைப் பிடித்து வெளியே இழுக்கிற கண் இது. இரண்டு வருடமாகப் போனிலும் மூன்று வாரமாக லேப்டாப்பிலும் தினமும் இந்தச் சொல்லைத் தாண்டித்தான் போயிருக்கிறது. ஒருநாளும் படிக்கவில்லை. நிபுணர் செய்தி படிக்காததற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? வைஃபை பெட்டி வாங்கிய அன்று நிபுணர்தான் அதை மாட்டினான். அவள் போனை வாங்கி, தானே பாஸ்வேர்டை அழுத்தி, "முடிஞ்சுது அண்ணி" என்று திருப்பிக் கொடுத்தான். லேப்டாப் வந்தபோது கணவனும் அப்படியே அழுத்திக் கொடுத்தான். இரண்டு தடவையும் சௌகரியமாக இருந்தது, வாங்கிக்கொண்டாள்.

"இங்க மெயின் பாஸ்வேர்ட் என்ன?" என்றாள் கணவனிடம்.

அவன் பதில் சொல்லுமுன் ஹாலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "சின்னவனைச் செல்லமா கூப்பிடுவோமே, அந்தப் பேரும் அவன் பொறந்த வருஷமும். எதுக்கு, எதிர் வீட்டம்மாவுக்கே தெரியுமே. போன வாரம் அவங்க பையனுக்குப் பரீட்சை ரிசல்ட் பார்க்கணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

உதவிப் பிரிவுக்காரர் தொண்டையைச் செருமினார். அவள் அந்தச் செல்லப் பெயரையும் வருடத்தையும், ஒவ்வொரு எழுத்தாக, லேப்டாப்பில் அடித்தாள். அரை நிமிடத்தில் பிரிண்டரின் பெயர் திரையில் வந்து நின்றது.

"வந்துடுச்சு மேடம். டெஸ்ட் பேஜ் குடுக்கறேன்." பக்கத்திலேயே பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. அவர் வணக்கம் சொல்லிப் போனை வைத்தார்.

"ஏங்க, எனக்கு எதுக்கு கெஸ்ட்?"

"அது ஒண்ணும் இல்ல. ஆபீஸ் மெஷினை நம்ம மெஷினோட சேர்க்கக் கூடாதுன்னு தம்பி சொன்னான். பாதுகாப்புக்கு."

"லேப்டாப் வந்து மூணு வாரம்தான் ஆகுது. என் போன் ரெண்டு வருஷமா அதுலதான் இருக்கு."

அவன் பிரிண்டர் மூடியை மூடினான், திரும்பத் திறந்தான்.

"நீ கேக்கவே இல்லையே" என்றான் கடைசியில்.

"எதிர் வீட்டுப் பையன் கேட்டானா?"

"தம்பி வேணும்னு செஞ்சிருக்க மாட்டான். இப்ப ஒரு போன் போட்டுக் கேக்கட்டுமா?"

தம்பி செய்ததற்குத் தம்பியிடமே விளக்கம் கேட்டு வந்து சொல்லப் போகிறானாம். பதினோரு வருடத்தில் அவன் மேல் கோபம் வந்திருக்கிறது, வருத்தம் வந்திருக்கிறது. இன்றைக்கு வந்தது வேறு. முன்னால் இவ்வளவு பெரிய ஆள் நிற்கிறான், பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

அவன் கேட்கத்தான் செய்தான். பால்கனியில் நின்று பேசிவிட்டு மலர்ந்த முகத்தோடு வந்தான். "தம்பி என்ன சொல்றான்னா, அவன் சனிக்கிழமை முக்காவாசி முடிச்சு வச்சிட்டுத்தான் போனானாம். இந்த ஆள் கடைசி ஸ்டெப் மட்டும் பண்ணியிருக்காராம்."

"அப்படியா கண்ணு, நான் அப்பவே நினைச்சேன்" என்றார் மாமியார்.

அவள் அதைத் திருத்தவில்லை. திருத்துவதற்கு எங்கேயாவது ஒரு வரி சரியாக இருக்க வேண்டும். தன் அறைக்குப் போய் நாற்பத்து நான்கு பக்கத்தையும் அச்சுக்குக் கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

"ஏங்க" என்று இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். "அங்கயே உட்காருங்க. பக்கம் வர வர எடுத்து அடுக்கி, முடிஞ்சதும் கொண்டு வாங்க."

"நானா?"

"பக்கத்துலதானே இருக்கீங்க."

முக்கால் மணி நேரம் அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒருமுறை தாள் சிக்கியது, எப்படி எடுப்பது என்று கேட்டான். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது, பிறகு பிரிண்டர் மறுபடி ஓடியது.

தாள் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றான். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான்போல. சண்டைக்கு இழுத்தால்கூடப் பரவாயில்லை என்கிற மாதிரி முகம். அவள் கட்டை எடுத்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, முதல் பக்கத்தின் முதல் வரியில் கண்ணை வைத்தாள். குழந்தைகளுக்கான அளவுப் பட்டியல் முப்பத்தொன்றாம் பக்கத்தில் தப்பாக இருந்தது அடுத்த நாள்தான் தெரியவரும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மேலே, ஆறு என்று கீழே. அதைப் பிடித்ததற்காக ஆபீஸிலிருந்து இரண்டு வரியில் ஒரு நன்றிக் கடிதம் வரும். அதை அவள் வீட்டில் யாருக்கும் காட்ட மாட்டாள்.

அவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

"பன்னிரண்டாம் பக்கமும் பதிமூணும் இடம் மாறியிருக்கு" என்றாள் அவள், கட்டின் ஓரத்தை விரலால் தள்ளிப் பார்த்து. தலையை நிமிர்த்தவில்லை. "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."