எழும்பாத கொப்புளம்

அவித்த நெல்லின் ஆவி முகத்தில் அடிக்க, பெரிய கிடாரத்துக்குள் குனிந்து பனையோலைக் கடகத்தால் அள்ளினாள் இராசமலர். இன்னும் விடியவில்லை. பதினாறு பெண்கள். நேரத்துக்கு அள்ளிக் களத்தில் பரவாவிட்டால் நெல் புளித்து நாறிவிடும்.

பூவரசங்குளம் வீதியிலிருந்த அந்த அரிசி மில்லின் முதலாளி தில்லைநாதன், அவர்கள் இரண்டு மணித்தியாலம் வெந்த பிறகுதான் குளித்து, திருநீறு பூசி வருவார். கடலுக்கு அப்பால் பெரியம்மை பரவுவதாகக் கதை அடிபட்ட நாளிலிருந்து அவருக்குப் புது வேலை ஒன்று கிடைத்திருந்தது. பெண்களை வரிசையில் நிறுத்திக் கையைப் பார்ப்பது. பெரியம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் குத்தின தழும்பு இல்லாதவளுக்கு வேலை இல்லை. மாட்டில் சுட்ட குறியைப் பார்க்கிறவன்கூட அதன் முகத்தை ஒருதரம் பார்ப்பான்.

இராசமலரின் முகம் முழுக்கக் குழிகள். ஒன்பது வயதில் அம்மாள் வருத்தம் என்கிற பெரியம்மை வந்து பிழைத்தவள். பிறகு அதே வருத்தத்தில் கிடந்த தமக்கையைப் பக்கத்திலிருந்து பராமரித்தாள். அவளை அது திரும்பத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டுதரம் குத்தியும் கொப்புளம் எழும்பவில்லை; தழும்பும் விழவில்லை. வருத்தம் வந்து மாறின உடம்பு அப்படித்தான் என்று ஊசி குத்தின மிசி துண்டு எழுதிக் கொடுத்தா.

அன்றைக்கு வரிசையில் அவள் நீட்டிய அந்தத் துண்டை முதலாளி இரண்டு விரலால் பிடித்தார்.

"துண்டு ஆரும் எழுதலாம். தழும்பு எங்கை?"

"முகத்தில கிடக்குது, முதலாளி."

"உன்ரை முகம் பார்க்கவோ நான் மில் நடத்திறன்? திரும்ப வராதெண்டு ஆர் சொன்னது?"

"என்ரை உடம்பு."

கடகத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்து நின்றவள் பத்மாசனி. எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் முதல் ஆளாகக் குத்திக்கொண்டவள். அந்தக் காய்ச்சலோடும் நெல் அள்ளியவள். அவள், காட்டுவதற்காகச் சுருட்டியிருந்த சட்டைக்கையை இறக்கிவிட்டாள்.

"அம்மைப்பால் நல்லது, முதலாளி. அதாலைதான் குத்தினனாங்கள். இராசமலரக்கா உள்ளுக்கு வராமல் நான் கை காட்டமாட்டன். முதல்ல உங்கடை கையைக் காட்டுங்கோ பாப்பம்."

தில்லைநாதனின் விரல்கள் தம் நீளக்கைச் சட்டையின் பொத்தானைப் பொத்தின.

"ஊசியைக் கண்டால் அவருக்குத் தலை சுத்துமாம்," என்றது பின்வரிசைக் குரல்.

மற்றப் பதினாலு பேரின் சட்டைக்கைகளும் இறங்கின. பெண்கள் களத்து விளிம்பில் போய் இருந்தார்கள். பத்மாசனி தள்ளியிருந்து இராசமலருக்கு இடம் விட்டாள்.

டவுனிலிருந்து வேறு ஆட்களை ஏற்றிவரப் போவதாக அவர் கத்தினார். கூட்டிவாங்கோ, அவையோடையும் கதைக்கிறம் என்றாள் இராசமலர். கைகளில் இன்னும் சூடு எரிந்தது. நாளைக்கு அடுப்பு எரியுமா என்று தெரியாது. ஆனாலும் எழும்பவில்லை.

வெயில் களத்தில் ஏறியது. இரண்டு கிடாரம் நிறைய நெல், அள்ள ஆளில்லாமல் கிடந்தது. தில்லைநாதன் அதைப் பார்த்தார். பிறகு, முதல்தரமாக, இராசமலரின் முகத்தைப் பார்த்தார்.